துணிமூட்டையோடு வந்த நடேசய்யர்

பதுளை, பசறை, ஹாலி-எல தோட்டங்களில் சந்தா கட்டிச் சங்கத்தில் சேருவது இன்று சாதாரண காரியம். நம் பாட்டன்மார் காலத்திலோ, வெளியாள் ஒருவர் அனுமதியின்றி லயத்துப் பக்கம் போனாலே அத்துமீறல் குற்றம்.

தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் 1920இல் இலங்கை வந்தார். தோட்டத்து நிலையை நேரில் காண, துணி வியாபாரியைப்போல் உள்ளே நுழைந்தார். (மூட்டை சுமந்து பழகாத தோள், பாவம்!) அன்று துண்டு முறை நடந்த காலம். துண்டிற் குறித்த கடனைத் தீர்க்காமல் தொழிலாளி வேறு தோட்டம் போக இயலாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. பெரிய கங்காணியின் பிடி ஒழியவில்லை.

அய்யர் பத்திரிகை நடத்தினார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவுடன் உழைத்தார், குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பவே பிரிந்தார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் தொடங்கினார். தேயிலை விலை சரிந்து, சம்பளத்தில் கைவைத்த காலம் அது. அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களிற் பாடுவார். எழுத்தறியாதவர் மனத்திலும் பாட்டு நின்றது. அய்யரின் பேச்சைவிட அதுவே அதிகம் சாதித்திருக்கும் என்பது என் எண்ணம்.

1936இல் அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1940இல் பதுளை வெவெஸ்ஸத் தோட்ட வேலைநிறுத்தத்தை நடத்தியவர்கள் சமசமாஜிகள்தாம். ஆயினும் சங்கம் என்ற சொல்லைத் தோட்டத்தில் முதலில் விதைத்தவர் அய்யரே.

1947 தேர்தலில் பதுளைத் தொழிலாளர் வாக்கு எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றம் சேர்த்தது. அவ்வாண்டிலேயே அய்யர் காலமானார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில், அந்த வாக்காளர்களிற் பெரும்பாலோரின் பெயர் இடாப்பில் இல்லை.