கையால் செய்த கருவி, காற்றில் வந்த இசை
(விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை)

மின்சார இணைப்பு இல்லை, பாட்டரியும் இல்லை. அட்டைக் குழாயில் சுற்றிய செம்புக் கம்பி, பட்டாணி அளவில் ஒரு கனிமத் துண்டு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன்: இவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்த ‘கிரிஸ்டல்’ வானொலியில்தான் ஒரு தலைமுறையினர் முதன்முதலாகக் காற்றில் வந்த இசையைக் கேட்டனர். கலீனா என்னும் அந்த ஈயக் கனிமம் மின்காந்த அலைகளை உணரும் என்று கண்டு, அதற்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் ஓர் இந்தியர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

அவர் 1858 நவம்பர் 30 ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகையோரின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே வழக்கம். தந்தையோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் மகனோடும் பணியாளர் மகனோடும் ஒரே பலகையில் அமர்ந்து சிறுவன் படித்தான். மீன்களையும் பறவைகளையும் பற்றி அந்த நண்பர்கள் சொன்ன செய்திகளே இயற்கையின்மீது அவனுக்கு ஆர்வத்தை ஊட்டின.

பின்னர் கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றபோது, பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருவான லஃபோன் அடிகளார் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கரும்பலகையோடு நிற்காமல், சோதனைகளைச் செய்து காட்டியே இயற்பியலைக் கற்பித்தவர் அவர். நல்ல ஆசிரியர் ஒருவர் ஏற்றும் விளக்கு எவ்வளவு தூரம் ஒளி வீசும் என்பதற்கு இதுவே சான்று.

1880இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்ற போஸ், உடல்நலக் குறைவால் அதை விட்டுக் கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்றார். 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே ஓர் அநீதி காத்திருந்தது. ஆங்கிலேயர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு; தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. போஸ் வேலையை விடவில்லை, வகுப்பையும் புறக்கணிக்கவில்லை. ஆனால் மூன்றாண்டுகள் ஊதியத்தைக் கையால் தொடாமல் பாடம் நடத்தினார். இறுதியில் அரசு இறங்கி வந்து, முழு ஊதியத்தையும் நிலுவையோடு வழங்கியது. அதைக் கொண்டு தந்தையின் கடன்களை அடைத்தார்.

இந்த வறுமைக் காலத்திலேயே, 1887இல், அபலா என்னும் மங்கையை மணந்தார். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரி இடம் தராததால், நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவர். பிற்காலத்தில் பெண் கல்விக்கென ஒரு சங்கம் நிறுவி உழைத்தார்.

கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை. கிடைத்தது 24 சதுர அடி அறை ஒன்றுதான். உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போஸ் தம் கருவிகளைத் தாமே செய்தார். அலைகளின் அதிர்வைத் திசைப்படுத்த ஒரு சாதனம் தேவைப்பட்டது. ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே ஈயத்தாளைச் செருகினார், சாதனம் தயார்! முறுக்கிய சணலையும் இத்தகைய சோதனைகளுக்குப் பயன்படுத்தினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பித் தொடர்பு ஏதுமின்றிச் சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகள் மணியை ஒலித்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. கூடியிருந்தோர் வியந்தனர்.

அக்காலத்தில் அலைகளை உணர உலோகத் தூள் நிரப்பிய குழாயைப் பயன்படுத்துவர். ஓர் அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொள்ளும்; மறுபடி வேலை செய்யத் தட்டிவிட வேண்டும். தந்திக் குறிகளுக்கு அது போதும். ஏறி இறங்கும் குரலுக்கும் வீணைக்கும் போதுமா? போஸ் கண்ட கலீனாவுக்குத் தட்டுதல் தேவையில்லை. கூரிய கம்பி முனை அதன்மீது பட்டும் படாமலும் நின்றால், மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகச் செல்லும். எதிர்த் திசையில் தடைபடும். வானொலி அலை நொடிக்குப் பல லட்சம் முறை துடிப்பது. காது அதைக் கேளாது. அதன் ஒரு பாதியைக் கனிமம் தடுத்துவிட்டால், அலையின்மேல் ஏறி வந்த இசை மட்டும் ஹெட்போனில் ஒலிக்கும்.

கண்டுபிடிப்பை விற்றுப் பணம் சேர்க்க போஸ் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901இல் விண்ணப்பிக்கப்பட்டு, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைக் கொண்டு அவர் பொருள் ஈட்டவில்லை. அதற்குள் அவர் மனம் செடிகொடிகளின் உணர்வை ஆராய்வதில் ஈடுபட்டுவிட்டது. பிறர் கனிம உணர்விகளை மேலும் செம்மைப்படுத்தி வானொலியில் பொருத்தினர்.

1924 ஜூலை 31 அன்று, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பை ஆரம்பித்தது. 1939இல் திருச்சி நிலையம் எழுந்து, தென்பாண்டி நாட்டுக்கும் கச்சேரிகளைக் கொண்டு வந்தது. இன்று மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் கைப்பேசியில் பாட்டுக் கேட்டபடி நிற்கும் பெண்ணின் கையிலும், கலீனாவின் இனமான குறைகடத்திகளே வேலை செய்கின்றன.

1917இல் தம் பிறந்த நாளன்று போஸ் ஆய்வு நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவிய அவர், 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் மறைந்தார்.

தோழியரே, அவர் வழியில் நாமும் ஒன்று செய்து பார்க்கலாமே! மத்திய அலை நிலையம் அருகில் இயங்கும் ஊராயின் படிக வானொலி இன்றும் பாடும். அட்டைக் குழாயில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாக எண்பது, நூறு சுற்று சுற்றுங்கள். நிலையத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு கண்டென்சர், கலீனாவுக்குப் பதிலாக ஒரு ஜெர்மானியம் டயோடு, கிரிஸ்டல் இயர்போன், நீண்ட ஏரியல் கம்பி, தரை இணைப்பு: இவ்வளவே. கைப்பேசியின் இயர்போன் இதற்கு ஆகாது. ஏரியலை மின்கம்பிகளின் அருகே கட்டலாகாது. இடி மழையின்போது தொடவும் கூடாது.

கடையில் வாங்கிய பெட்டியில் வரும் பாட்டு உரக்கத்தான் கேட்கும். நாமே சுற்றிய கம்பியில் வரும் பாட்டோ மெல்லியது. மூச்சை அடக்கித்தான் கேட்க வேண்டும். ஆனால் அது எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். வசதி இல்லை என்று ஒதுங்காமல், இருப்பதைக் கொண்டு ஆக்கிக் காட்டிய அந்தப் பேராசிரியரின் கைவண்ணம் நம் கைகளுக்கும் வரட்டும்!