முதுகுத்தண்டை மேடையேற்றிய பெசன்ட் நகர்க்காரர்... யார் இந்த சந்திரலேகா?

காலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் போனால், மேட் விரித்து பிளாங்க் போடுபவர்களைப் பார்க்கலாம். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே டிரெய்னர் சொல்லும் வார்த்தை, கோர். இதே எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் வாழ்ந்த ஒருவர், அந்த வார்த்தை இங்கே பரவுவதற்கு முன்பே முதுகுத்தண்டைத் தன் கலையின் மையமாக வைத்திருந்தார். நீண்ட வெள்ளை முடி, நெற்றியில் பெரிய பொட்டு. அவர்தான் நடனக் கலைஞர் சந்திரலேகா.

கோர் என்றால் சிக்ஸ் பேக்கா?

இல்லை. சிக்ஸ் பேக் என்பது வயிற்றின் மேலாகத் தெரியும் தசை. கோர் இன்னும் உள்ளே இருக்கிறது. வயிற்றைச் சுற்றி பெல்ட் போல ஓடும் ஆழமான தசை, முதுகெலும்புகளை ஒட்டிய சிறு தசைகள், மேலே மூடி மாதிரி உதரவிதானம், அடியில் இடுப்புத் தளத் தசைகள். இவை சேர்ந்து இறுகும்போதுதான் கை, கால் வேகமாக அசைந்தாலும் முதுகு ஆடாமல் நிற்கும். பிளாங்கில் உடம்பு அசைவதே இல்லையே என்று அலுத்துக்கொள்கிறோம். அசையாமல் நிற்பதுதான் அங்கே பயிற்சியே!

சந்திரலேகா ஜிம் டிரெய்னர் இல்லை. ஆனால் இதே விஷயத்துக்கு வேறு வழியில் வந்தவர்.

பாதியில் விட்ட நடனம்

1928-ல் மகாராஷ்டிராவின் வாடாவில் பிறந்தார். அப்பா டாக்டர். சட்டப் படிப்பை விட்டுவிட்டு, பரதம் கற்க சென்னைக்கு வந்தார். குரு, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை.

1952-ல் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் அவரைக் குலைத்துப் போட்டது. ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நிதி திரட்டும் மேடை. அங்கே அவர் ஆடியதோ, யமுனையில் தண்ணீர் பொங்கும் காட்சி. வெளியே நிலம் வெடித்துக் கிடக்க, மேடையில் தண்ணீர் விளையாட்டு! இந்த முரண் அவரை விடவே இல்லை. உடனே ஆட்டத்தை நிறுத்திவிடவில்லை. ஆனால் 1972-ல் நவக்கிரகம் என்ற படைப்புக்குப் பிறகு, ஏறத்தாழ 12 ஆண்டுகள் மேடையை விட்டே விலகினார்.

அந்த நாட்களில் போஸ்டர் வரைந்தார், எழுதினார், பெண்கள் இயக்கத்தில் இறங்கினார். 1982-ல் தேசத்துரோக வழக்குகூட அவர் மீது பாய்ந்தது. பிறகு அது கைவிடப்பட்டது.

திரும்பி வந்தது எப்படி?

1984-ல் மும்பையில் நடந்த கிழக்கு - மேற்கு நடனச் சந்திப்பில் மீண்டும் மேடையேறினார். அடுத்த ஆண்டு வந்தது அங்கிகா. பரதத்தோடு யோகாவும் களரிப்பயட்டும். அன்றைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. நகை, அலங்காரம், கடவுள் கதை எல்லாம் ஓரம்போனது. மிச்சம் இருந்தது உடம்பு மட்டுமே.

மூன்றுக்கும் பொதுவானதை அவர் பிடித்துக்கொண்டார். பரதத்தில் அரைமண்டி: முழங்கால் வெளிப்பக்கம் மடிந்து, உடம்பு தாழ்ந்தாலும் முதுகு நேராக இருக்க வேண்டும். களரியில் யானை, சிங்கம், பன்றி என விலங்குகளின் பெயரில் வடிவுகள். பலவற்றில் இடுப்பு தாழ்ந்தே இருக்கும். யோகாவில் மூச்சு. இன்றைக்கு ஸ்குவாட் போடும்போது முதுகை வளைக்காதீங்க, மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க என்று டிரெய்னர் கத்துகிறாரே, அதே கணக்குதான்.

கூனல் யாருடையது?

1990களின் தொடக்கத்தில் வந்த ஸ்ரீ படைப்பில்தான் விஷயம் உடற்பயிற்சியைத் தாண்டிப் போகிறது. அதில் பெண்கள் முதுகு வளைந்து, குறுகி நகர்வார்கள். சுமை, பயம், அடக்கம் எல்லாம் சேர்ந்து வளைத்த முதுகு அது. அந்த முதுகு நிமிர்வதுதான் படைப்பின் பயணம். பஸ்ஸில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்காரும் எந்தப் பெண்ணுக்கும் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. போஸ்ச்சர் சரியில்லை என்று சொல்வது சுலபம். ஏன் குனிந்தாள் என்பதையும் சந்திரலேகா கேட்டார்.

72 வயதில் கடைசிப் படைப்பு

2001-ல் சரீரா. ஒரு பெண், ஓர் ஆண், குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசை. ஒரு கால் உயர்வதற்கே நிமிடக்கணக்கில் ஆகும் அளவுக்கு மெதுவான அசைவு. வேகமாகத் தூக்கினால் உடம்பின் வீச்சு உதவும். மெதுவாகத் தூக்கினால் ஒளிய இடம் இல்லை, முழுப் பாரத்தையும் நடுவுடல்தான் தாங்க வேண்டும். லெக் ரெய்ஸை மெதுவாகச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னாளில் இதில் ஆடிய டிஷானி தோஷி, நடனப் பின்னணி இல்லாத எழுத்தாளர். இருபது வயதைத் தாண்டித்தான் இந்தப் பயிற்சிக்கே வந்தார்.

சங்கீத நாடக அகாடமி விருது, காளிதாஸ் சம்மான் எல்லாம் சந்திரலேகாவைத் தேடி வந்தன. புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர், 2006 டிசம்பர் 30 அன்று காலமானார். மரங்களுக்கு நடுவே அவர் உருவாக்கிய ஸ்பேசஸ் வளாகம் இன்றும் அதே சாலையில்தான் இருக்கிறது. காலையில் பிளாங்க் போடுபவர்கள் பலர் அதைத் தாண்டித்தான் கடற்கரைக்குப் போகிறார்கள்.