ஊருக்குள் உரிமை தேடிய பெருந்தகை இரட்டைமலை சீனிவாசனார்

கிண்டி காந்தி மண்டப வளாகத்திலே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாருக்கு நினைவகம் ஒன்று உள்ளது. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர் என்ற அளவில் நம் இளைஞர் அவரை அறிவர். ஆயினும் கிராமத்துப் பாதையிலும் கிணற்றிலும் நம் மக்களுக்குள்ள உரிமைக்காக அவர் ஆற்றிய தொண்டினையும் நாம் அறிந்து போற்றுதல் வேண்டும்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடங்கிய சில ஆண்டுகளுக்குள், செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். நம் கொட்டிவாக்கமும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அக்காலத்தில் ஊர் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. உழுது விளைவித்தவர்களோ படியாட்களாய்க் கடனில் கட்டுண்டு கிடந்தனர். குடிசை நின்ற மண்ணும் பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமன்று; எதிர்த்துப் பேசினால் குடியிருப்பையும் இழக்க நேரும். தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து மனு கொடுத்தாலும், மிராசுதாரர்க்கே முன்னுரிமை என்ற வழக்கம் குறுக்கே நின்றது.

இச்சூழலில் பிறந்தும் சீனிவாசனார் கல்வியைக் கைவிடவில்லை. கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்ற காலத்தில், சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சிப் பிற மாணவருடன் விளையாடாது ஒதுங்கியிருந்தார். மணியடிக்கும்வரை வெளியே காத்திருந்து, வகுப்பு தொடங்கும் வேளையிலேயே உள்ளே சென்றார். பின்னர் நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றி, 1890ஆம் ஆண்டு சென்னை வந்து சேர்ந்தார். ஊர்கள் பலவற்றுக்கும் சென்று மக்களின் நிலையை நேரில் ஆராய்ந்தார்.

அவ்வாண்டுகளில்தான் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர், நம் மக்களின் நிலமற்ற நிலைமையை விரிவாக ஆராய்ந்து 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892ஆம் ஆண்டு அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என வழங்கும் ஒப்படைப்புக்கு அவ்வாணையே அடிப்படை. அந்நிலத்தைப் பத்தாண்டுகள் வரை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது அதன் நிபந்தனை.

ஆணை பிறந்தால் மட்டும் போதுமோ? அது கோட்டையிலே ஆங்கிலத்தில் இருந்தது. உரியவர்களோ எழுத்தறியாது சேரியில் இருந்தனர். இந்த இடைவெளியைக் கடக்க அச்செழுத்தே துணையாகும் எனச் சீனிவாசனார் தெளிந்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எப்பெயரால் பிறர் இழிவு செய்தனரோ அப்பெயரையே துணிவுடன் தலைப்பில் பொறித்தார். நான்கு பக்கங்களுடன் மாத இதழாகத் தோன்றிய அது, விரைவிலே வார இதழாக வளர்ந்து, 1900 வரை மக்களின் குறைகளை அரசின் செவிக்கு எட்டச் செய்தது.

1900இல் கடல் கடந்து சென்ற அவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பி, 1923இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே அவர் கொண்டுவந்த தீர்மானம் மன்றத்தில் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, நடைபாதை ஆகியவற்றில் நடக்கவும், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை அணுகவும் எவ்வகுப்பினர்க்கும் தடையில்லை என்பதே அத்தீர்மானம். 1924 செப்டம்பரில் அது அரசாணையாயிற்று. தாகத்துக்கு நீர் மொள்ளவும், ஊர்த் தெருவில் செருக்கின்றி நிமிர்ந்து நடக்கவும் அரசாணை வேண்டியிருந்த காலம் அது! ஆணைக்குப் பின்னரும் பல ஊர்களில் தடை நீடித்தது. எனினும், தடுப்பவன் செய்வது சட்டத்துக்குப் புறம்பு என்று சுட்டிக்காட்ட ஏழைக்கு ஓர் ஆதாரம் கிட்டியது.

1930, 1931ஆம் ஆண்டுகளில் வட்டமேசை மாநாட்டிலும் 1932இல் பூனா ஒப்பந்தத்திலும் பங்கேற்ற அப்பெரியார், 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைந்தாலும் அவர் எதிர்த்த அநீதி முற்றிலும் மறைந்துவிடவில்லை. பஞ்சமி நிலங்கள் பல, கடனாலும் மிரட்டலாலும் போலி ஆவணங்களாலும் கைமாறிப் போயின. 1994இல் காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தையொட்டிச் செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் சான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். சிற்றூராயிருந்த நம் கொட்டிவாக்கமும் 2011இல் மாநகராட்சியோடு இணைந்தது. மண்ணின் விலை ஏற ஏற, ஏழையின் மண்ணுக்கு ஆபத்தும் பெருகும்.

ஆகவே, இளைஞர்களே! பட்டாவையும் சிட்டாவையும் அடங்கலையும் படித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். உறவினரின் ஊரில் நிலப் பதிவேடு என்ன கூறுகிறது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். படிக்கத் தெரியாத முதியவர்க்கு மனு எழுதிக் கொடுங்கள். மணியடிக்கும்வரை வகுப்புக்கு வெளியே நின்ற ஒரு மாணவர், தாம் கற்ற எழுத்தைத் தம் மக்களுக்கே ஆயுதமாக்கினார். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பரப்பி வரும் கல்வியும் அவ்வாறே பயன்படுமாயின், அதுவே அன்னாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.