முனிசீப்பு வேதநாயகம் பிள்ளை



திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்துப் படிகளை ஒரு தடவையேனும் ஏறி இறங்கியவர்கள் இவ்வூரிலும் இராஜபாளையத்திலும் அநேகர் இருப்பீர்கள். வழக்கு என்றால் எத்தனை அலைச்சல், எத்தனை செலவு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் இந்த வாரம், நீதி ஸ்தலத்தில் அமர்ந்து நல்ல பெயர் எடுத்த ஒரு கத்தோலிக்கக் குடும்பஸ்தரைப் பற்றிச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த குளத்தூரில், 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி, சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. திருச்சி நீதிமன்றத்தில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு மொழிபெயர்ப்பாளராகி, முடிவில் ஜில்லா முனிசீப்பாய் உயர்ந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அந்தப் பதவியை வகித்தார்.

அக்காலத்தில் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் இங்கிலீஷில் இருந்தன. நிலத்தையும் வீட்டையும் இழக்கும் குடியானவனுக்கோ அதில் ஓர் எழுத்தும் தெரியாது. இவர் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் பெயர்த்து, 1862-ல் அச்சிட்டார். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே, 1859-ல், நீதிநூல் வெளிவந்திருந்தது. கைக்கூலி வாங்கும் உத்தியோகஸ்தரை அதில் தாட்சணியமின்றிக் கண்டித்தார். தாமே உத்தியோகத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதுவதற்குக் கை சுத்தமாய் இருந்தாக வேண்டுமல்லவா?

இனி, அவருடைய வீட்டைப் பாருங்கள். மனைவியைப் பறிகொடுக்கும் துக்கம் அவருக்கு ஒரு தடவையோடு நிற்கவில்லை. தாயில்லாப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திகைக்கும் தகப்பனின் கஷ்டத்தை, அதே நிலையிலிருக்கும் சிலர் இந்த வரிகளை வாசிக்கும்போதே அறிவார்கள். அப்படியிருந்தும் அவர் மனம் கசக்கவில்லை. சர்வேசுரன்மேலும் தேவமாதாமேலும் அவர் பாடிவைத்த பாடல்கள் கொஞ்சமல்ல. பெண்கள் படிக்க வேண்டுமென்று 1869-லேயே பெண்மதி மாலை எழுதினார். பெண்ணைப் படிக்கவைத்தால் கெட்டுப்போவாள் என்று பெரியவர்களே பேசிய காலம் அது! 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தமிழின் முதல் நாவல் என்கிறார்கள். அதில் கதாநாயகனைவிட அவன் மனைவி ஞானாம்பாளே புத்திசாலி. ஆண் வேஷத்தில் ஒரு ராஜ்யத்தையே ஆளுகிறாள். வேடிக்கையான புத்தகம். கிடைத்தால் உங்கள் பெண்மக்களுக்கு வாங்கிக் கொடுங்கள்.

1872-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். நாலு வருஷத்துக்கெல்லாம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியாலும் காலராவாலும் மாண்டார்கள். நம்முடைய தென்ஜில்லாக்களும் தப்பவில்லை. சம்பளம் நின்றுபோன மனிதர், குடும்பமுள்ளவர், வயது ஐம்பது. இருப்பதைப் பூட்டி வைத்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ தம் பொருளைச் செலவழித்து, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்கவில்லை.

அதைக் கண்ணாரக் கண்டவர்களில் ஒருவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் சைவர். மனிதரைப் பாடுவது தம் வழக்கமல்லவென்றாலும், இந்தக் கத்தோலிக்க முனிசீப்பைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இவருக்கு உற்ற சிநேகிதர். இவரையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். பிற மதத்தாரோடு பழகினால் விசுவாசம் குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பஞ்சம் நீங்காத 1878-ல்தான், எல்லாச் சமயத்தாரும் பாடும்படியான சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் வெளியிட்டார்.

1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி மாயூரத்தில் காலமானார். அவ்வூர் 1982 முதல் மயிலாடுதுறை என்று வழங்குகிறது. ஆனாலும் அவரைச் சொல்லும்போது ஜனங்கள் இன்றும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றுதான் சொல்லுகிறார்கள்.