கூடலூர் ஆரோன் ஐயர்

கெடில நதியின் கரைகள் நம் நாட்டுச் சமய சரித்திரத்திற் பெரிதும் பேசப்படுவன. திருவதிகையில் சூலை நோயால் வருந்திய மருணீக்கியார், தம் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, நோயும் நீங்கி நெறியும் மாறித் திருநாவுக்கரசரானார் என்பது சைவர் போற்றும் வரலாறு. அந்நதியே திருவந்திபுரத்தில் ஔஷதகிரியின் அருகே செல்கின்றது. ஔஷதகிரி என்பதற்கு மருந்து மலை என்பது பொருள். வேதாந்த தேசிகர் நெடுங்காலம் அங்கே தங்கி நூல்கள் இயற்றினர். அங்கிருந்து சில மைல் கிழக்கே சென்று நதி கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது கடலூர். முன்னோர் அதனைக் கூடலூர் என்பர். பிணி தீர்தலும் மனம் மாறுதலும் ஒருங்கே பேசப்படும் இந்நதிக்கரையில் பிறந்து, கிறிஸ்து சபையில் அழியாப் பெயர் பெற்ற ஒருவரது ஜீவியத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம். அவரே ஆரோன் ஐயர்.

ஆங்கிலேய வர்த்தகக் கம்பெனியார் 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். அதனைச் சார்ந்து கூடலூர் வணிகம் பெருகி வந்த காலத்தில், 1698-ஆம் ஆண்டையொட்டி, ஒரு சைவ வேளாள வணிகக் குடும்பத்தில் ஆரோன் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஆறுமுகம்.

அவருடைய இளமைக் காலத்தில் தெற்கே தரங்கம்பாடியில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கு அனுப்பிய சீகன்பால்கு, புளூச்சௌ என்னும் இரு ஜெர்மானியப் போதகர் 1706 ஜூலை 9-ந் தேதி அங்கே கரை இறங்கினர். சீகன்பால்கு ஐயர் தமிழைச் செவ்வனே கற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார்; அஃது 1715-ல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் முற்றும் அச்சேறியது. 1717-ல் கூடலூரிலும் அவர் ஒரு தருமப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். இத்தொடர்பால் புதிய உபதேசம் ஆறுமுகத்தின் செவிக்கு எட்டியது.

அவ்வுபதேசத்தின் நடுநாயகம் மனந்திரும்புதல். ஹாலே நகரத்துப் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் பயிற்சி பெற்ற அக்குருமார், பெயரளவில் கிறிஸ்தவராயிருத்தலை ஒரு பொருளாக மதித்திலர். உள்ளம் மாறவேண்டும், மாறியது நாடோறும் நடக்கையில் விளங்கவேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. ஆறுமுகம் 1718-ல் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் என்னும் பெயர் பூண்டார். கூடலூருக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஏறக்குறைய 60 மைல். வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் கடந்து செல்லவேண்டும். ஆயினும் அவர் கடந்த தூரத்தை மைலால் அளத்தல் அரிது. குலமும் உறவும் ஒருவனுக்கு உணவும் காவலுமாய் நின்ற அக்காலத்தில், அவற்றின் நிழலை விட்டுப் புறம்போதல் எளிதோ? நாம் சிந்திக்கவேண்டும்.

அடுத்த ஆண்டிலேயே அவருடைய உறுதிக்குச் சோதனை வந்தது. சீகன்பால்கு ஐயர் 1719 பெப்ரவரி மாதத்தில், 36 வயதிலேயே மரித்தார். புதிதாய் நட்ட செடிக்கு ஊன்றுகோல் விழுந்தாற் போன்ற நிலை அது. குருவின் பேரிலுள்ள பற்று மாத்திரமே காரணமாக மாறியவராயின், ஆரோன் அன்றே திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை.

தொடர்ந்து பல ஆண்டுகள் அவர் உபதேசியாராக உழைத்தார். தஞ்சை அரசர்க்குரிய நாட்டினுள்ளே ஐரோப்பியர் தடையின்றிப் புகுதல் அந்நாளில் இயலாது; ஆதலின் உள்நாட்டு ஊர்களில் ஊழியம் செய்யும் பொறுப்பு தமிழராகிய உபதேசிமார் தோள்களிலேயே தங்கியது. அவர்கள் ஊர் ஊராக நடந்தனர். ஏழைகளையும் பிணியாளரையும் கண்டனர். எதிர்த்து வாதிப்பவர்க்கு விடை கூறினர். தாம் செய்தவற்றைத் தரங்கம்பாடிக் குருமாருக்குத் தெரிவித்தனர். தன் நடையைப் பிறர்முன் வைத்துக் கணக்குக் கொடுக்கும் இவ்வழக்கம் சிறிதாகத் தோன்றினும், மாறிய மனத்தை நிலைநிறுத்தும் பெருந்துணை என்று நாம் கருதுகின்றோம்.

இங்ஙனம் ஞானஸ்நானம் பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், 1733 டிசம்பர் 28-ந் தேதி, ஆரோன் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியருள் புரொட்டஸ்டாண்டுச் சபையில் அப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே. கடல் கடந்து வந்த குருமார் கற்பிக்க, இந்நாட்டார் கேட்டல் மாத்திரம் முறை என்றிருந்த நிலை அன்று மாறியது. பின்னர் அவர் மாயவரப் பகுதியிலுள்ள சபைகளைக் கண்காணித்து வந்தார்.

இச்சரித்திரத்தில் ஒளியை மாத்திரம் காட்டி நிழலை மறைத்தல் நேர்மையன்று. ஆரோனின் காலத்தில் இராஜநாயக்கன் என்னும் மற்றோர் உபதேசியார் இருந்தார். அவர் தஞ்சைப் படையில் வீரராயிருந்து, புதிய ஏற்பாட்டை வாசித்து மனமாற்றம் அடைந்தவர்; அடியும் பகையும் பொறுத்து ஊழியம் செய்தவர். இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், அவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவராதலின், மேற்குலத்தார் அவர் கையினின்றும் திருவிருந்து பெற ஒருப்படார் என்று கருதப்பட்டது. 1741-ல் தியோகு என்பவருக்கே அப்பட்டம் கிடைத்தது. தனி மனிதன் தன் தீக்குணத்தை விடுவது அரிது. ஒரு சபை முழுதும் தன் பழைய இறுமாப்பை விடுவது அதனினும் அரிது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. மனந்திரும்புதல் தனி மனிதனோடு நின்றுவிடின் அது பாதி வேலையே.

ஆரோன் ஐயர் 1745-ல் தம் ஓட்டத்தை முடித்தார். குருவாக அவர் உழைத்தது பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறைவே. ஆயினும் அவர் திறந்த வாயில் பின்பு மூடப்படவில்லை. அவர் பிறந்த ஊரிலும் 1737 முதல் மிஷன் குருமார் தங்கி ஊழியம் நடத்தினர். 1740-ல் கீர்நாந்தர் ஐயர் அவ்வூர்ப் பொறுப்பை ஏற்று, 1758-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடிக்கும் வரையில் அங்கே உழைத்தார்.

மாணவ நண்பர்காள்! குடியையோ சூதையோ, சோம்பலையோ சினத்தையோ விடவேண்டும் என்று ஒரு நாள் உறுதி செய்து மறு வாரமே தளர்ந்து, இனி நம்மால் ஆகாது என்று ஏங்குவோர் நம்மிடையே பலர். ஆரோன் ஐயரின் ஜீவியம் அவர்க்கு ஆறுதல் தரும். ஞானஸ்நானம் ஒரு நாளில் முடிந்தது. அந்நாளுக்கு ஏற்ற மனிதராக அவர் ஆனதோ பல ஆண்டுப் பயிற்சியால். அவருக்கு உதவியாக நின்றவை மூன்று: தெய்வ கிருபையில் வைத்த நம்பிக்கை, கணக்குக் கேட்கும் தோழர் கூட்டம், பிறர் துயர் துடைக்கும் நாள் வேலை. இவற்றுள் முதலாவது மேலிருந்து வருவது. ஏனை இரண்டும் நம் கைக்கு எட்டுவன. வீழ்ந்தவன் தனித்திருந்து நாணுவதினும், நம்பத்தக்க ஒருவரிடம் உள்ளதைக் கூறி மறுபடியும் எழுந்து நடப்பதே மேல். நோயினின்றும் எழுந்தவன் முதல் நாளிலேயே ஓடுவதில்லை. ஆனால் அவன் படுக்கையை விட்டு வைக்கும் முதல் அடியே அவன் பிழைத்தான் என்பதற்குச் சாட்சி.