ஜேம்ஸ் ஹார்னெல்: நம் தோணிகளின் சரித்திரக்காரர்

கடலோடும் ஜனங்களின் சரித்திரம் ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று. அவர்களுடைய மரக்கலங்களின் வடிவத்திலும், அவற்றைக் கட்டும் தச்சனுடைய கையிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. நம் கரையில் அந்த எழுத்தைச் சிரத்தையுடன் படித்தவர்களுள் தலையாயவர் ஓர் ஆங்கிலேயர். இது நமக்குப் பெருமையா, சிறுமையா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். ஜேம்ஸ் ஹார்னெல் 1865-ல் பிறந்து 1949-ல் காலமானவர். அவருடைய ஆயுளில் பயன் மிகுந்த ஒரு பகுதி மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் கழிந்தது.

கடல்வாழ் உயிர்களைப் பற்றிய சாஸ்திரத்தில் தேர்ந்த ஹார்னெல், 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மனின் உதவியாளராக இலங்கை முத்துப் பார்களைச் சோதிக்க வந்தார். ஹெர்ட்மன் ஊர் திரும்பினார், இவர் தங்கிவிட்டார். 1906-ல் அந்தப் பார்கள் ஒரு கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907-ல் நடந்த குளிப்புக்குப் பிறகோ பல ஆண்டுகள் சிப்பி விளையவில்லை. கம்பெனி நஷ்டப்பட்டு ஒழிந்தது. பங்குதாரர்களின் கணக்குக்குக் கடல் கட்டுப்படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் ஹார்னெல் அந்நாளைய சென்னை சர்க்காரின் ஊழியத்தில் சேர்ந்து, தூத்துக்குடியின் முத்து, சங்குக் குளிப்புகளை மேற்பார்த்தார். நாளடைவில் மீன்துறையின் டைரக்டராக உயர்ந்தார். 1914-ல் இந்தியாவின் சங்கைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. மூச்சடக்கி மூழ்கும் நம் குளியாட்கள் எடுத்த சங்கு, வங்காளத்து மணமான மாதரின் கையில் வளையாக மாறும் கதை அதில் விரிவாக இருக்கிறது. சிறிய சங்குகளை அளவு பார்த்து உயிருடன் கடலிலேயே திரும்ப விடும் விதி அந்நாளிலேயே தூத்துக்குடியில் நடைமுறையில் இருந்தது. இன்று எடுப்பவன் நாளைக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பதன்றி அவ்விதிக்கு வேறு பொருளில்லை.

எனினும் அவர் பெயர் நிலைத்திருப்பது படகுகளால். 1920-ல் கல்கத்தாவின் ஏஷியாடிக் சங்கம் வெளியிட்ட அவருடைய ஆராய்ச்சியில் இந்தியக் கரைகளின் மரக்கலங்கள் வகைவகையாக விவரிக்கப்பட்டன. நம் கட்டுமரத்தைப் படிப்பற்றவனின் மிதவை என்று இகழ்ந்தோர் உண்டு. துறைமுகமில்லாத சோழமண்டலக் கரையில், ஓயாத அலையைக் கடக்க அதனினும் தகுந்த கருவியில்லை. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்து உலர்த்தலாம். ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகு, அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். இவை அறியாமையின் அடையாளங்களல்ல. தலைமுறை தலைமுறையாகப் பெற்ற அறிவின் பயன்கள்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர் சேவித்தது வருமானத்தையே கருதிய அந்நிய சர்க்காரை. நம் கலங்கள் சிலவற்றின் மூலத்தைப் பாலினீசியத் தீவினரிடம் தேடிய அவர் கொள்கையைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. கொள்கை தளர்ந்தாலும், கண்ணால் கண்டு எழுதிய விவரம் தளரவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பசிபிக் தீவுகளில் பிரயாணம் செய்தார். ஹாடனுடன் சேர்ந்து அத்தீவுகளின் ஓடங்களைப் பற்றி 1936 முதல் 1938 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். உலகத்து நீர்க்கலங்களைப் பற்றிய பெருநூல் 1946-ல் வந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

நம் நிலை என்ன? 2004-ன் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் நிறைந்தன, கட்டுமரம் அருகிவிட்டது. உழைப்பைக் குறைக்கும் படகை மீனவர் விரும்புவதை நாம் குறை கூறோம். ஆனால் பழைய கலத்தின் அளவும், அதன் உறுப்புகளின் பெயர்களும், கட்டும் முறையும் முதிய தச்சர்களோடு மறைந்து போகலாமா? 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அதன் பின்னும், அடியை வாரும் இழுவைமடி பெரிதென்றும் சிறிதென்றும் பாராமல் சங்கை அள்ளுகிறது.

அந்நியர் ஒருவர் தம் ஆயுளைச் செலவிட்டு எழுதி வைத்தார். அவருக்குச் சிலை எழுப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் எஞ்சியுள்ள ஒரு கலத்தையேனும் அளந்து, வரைந்து, காப்பாற்றி வைப்போமானால், அவருக்கு நாம் பட்ட கடன் தீரும். நம் முன்னோருக்குப் பட்ட கடனும் ஓரளவு தீரும்.