மண்ணுக்கும் கணக்குப் பார்த்த குமரப்பா ஐயா



மதுரையிலிருந்து ராஜபாளையம் போற வழியில் தே.கல்லுப்பட்டி இருக்கு. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா ஐயா.

அவர் 1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்தார். கோட்டு சூட்டு, நல்ல வருமானம். பிறகு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். நம்ம நாடு ஏன் ஏழையாச்சுன்னு அரசாங்க வரவு செலவை அங்கே ஆராய்ந்தார். மக்கள் கட்டுற வரி மக்களுக்கே திரும்பி வரலைன்னு புரிஞ்சது. 1929-ல் ஊர் திரும்பி காந்தியைச் சந்தித்தார். கோட்டு போச்சு, கதர் வந்துச்சு. கல்யாணமும் பண்ணிக்கவில்லை.

1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு என்று கிராமத்துத் தொழில்களுக்கு உயிர் கொடுத்தார். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை ஜெயிலுக்குப் போனார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிய தன் பெரிய புத்தகத்தை ஜெயிலில்தான் எழுதினார்.

அதில் அவர் சொன்ன விஷயம் நமக்குச் சுலபமாப் புரியும். நம்ம குழுவில் கடன் வாங்கினவங்க திருப்பிக் கட்டலைன்னா அடுத்தவங்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. மண்ணும் அப்படித்தான். விளைச்சலா எடுத்ததைச் சாணமா, குப்பையா, மக்கின தழையா திருப்பிக் கொடுக்கணும். ரசாயன உரம் பயிரைக் கொஞ்ச நாள் தூக்கி நிறுத்தும், மண்ணை வளர்க்காது என்று அப்பவே எச்சரித்தார். உழவுக்கு டிராக்டர் வந்து மாடு போயிட்டா எருவுக்கு எங்கே போவதுன்னும் கேட்டார். ஊருக்கு வேண்டிய தானியம், பருப்பு, எண்ணெய் வித்துக்கு முதலில் நிலத்தை ஒதுக்கணும், ஆலைக்குப் போற பயிர் அப்புறம்தான் என்பது அவர் கணக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆனால் நாடு பெரிய ஆலைகளின் பக்கம் போச்சு. அவர் பதவி தேடிப் போகாமல் கல்லுப்பட்டிக்கு வந்தார். 1960 ஜனவரி 30-ல், காந்தி இறந்த அதே தேதியில், மதுரையில் காலமானார்.

நம்ம பக்கம் குழுவில் கடன் வாங்கி உரம் போடுறோம். வருஷா வருஷம் மூட்டை கூடுது, மண்ணு இறுகிப் போகுது. உரம் வாங்குமுன் வேளாண்மை அலுவலகத்தில் மண்ணைப் பரிசோதிச்சுப் பாருங்க. கொல்லையில் ஒரு மக்குக் குழி தோண்டுங்க. உரச் செலவு குறைஞ்சா அந்தப் பணம் சேமிப்புக்கு வரும். நம்ம பிள்ளைகளுக்கு உயிருள்ள மண்ணும் மிஞ்சும்.